டிரைவர் சீட்டு ஏன் சூடாக இருந்தது

பிரபு, நீ உன் தெரு வாட்ஸப் குரூப்பில் போட்டதை உன் தங்கை மீனா எனக்கு அனுப்பி வைத்தாள். "ஆக்டிங் டிரைவர் கணேசனை யாரும் கூப்பிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு எதையோ ஆன் செய்தபடி விட்டுப் போய்விட்டார். புதன்கிழமை பேட்டரி காலி" என்று எழுதியிருந்தாய். கீழே பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அதில் ஒருவருக்குக் காரே கிடையாதாம், மீனா சொன்னாள்.

கணேசனை நான் பார்த்ததில்லை. ஒருநாள் இரண்டுநாள் கூலிக்கு வந்து அடுத்தவர் காரை ஓட்டிக் கொடுத்துவிட்டுப் போகிற மனிதர் என்பது மட்டும் தெரியும். ஆனால் கணேசன் நிற்கிற அதே இடத்தில் அன்றைக்கு நின்ற இன்னொருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவரை அங்கே நிறுத்தியவன் உங்கள் அப்பாதான். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழையிருந்தால் மீனா திருத்தட்டும். பிரபு கடைசிவரை படித்தால் போதும்.

நான் ராஜபாளையத்தில் கார் எலெக்ட்ரீசியனாக இருந்தேன் என்று உங்கள் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தென்காசி ரோட்டில் தாசன் அண்ணாச்சி கடை. முதல் மூன்று வருடம் பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நான்காம் வருடம் பல்பு மாற்ற விட்டார்கள். ஐந்தாம் வருடம் பியூஸ் பெட்டியைத் திறக்க விட்டார்கள். என் கல்லூரிப் படிப்பு இவ்வளவுதான்.

பியூஸ் பெட்டி என்பது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஒரு கறுப்பு டப்பா. உள்ளே வரிசையாகக் கலர் கலராகச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் சொருகியிருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மெல்லிய தகடு. அளவுக்கு மேல் கரண்ட் போனால், வயர் எரிவதற்கு முன்னால் அந்தத் தகடு உருகி உயிரை விட்டுவிடும். ஒரு காரில் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுத் திட்டு வாங்குகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் பியூஸ். இன்னொருவர் டிரைவர்.

அந்தப் பெட்டியில் இரண்டு ஜாதிப் பொந்துகள் உண்டு. சாவியைத் திருகினால் மட்டும் கரண்ட் வருகிற பொந்து ஒன்று. சாவியை எடுத்தாலும், காரைப் பூட்டினாலும், ஊருக்கே போனாலும் கரண்ட் இருந்துகொண்டே இருக்கிற பொந்து இன்னொன்று. கடிகாரம், கதவுப் பூட்டு போன்றவற்றுக்காக வைத்தது. புதிதாக ஏதாவது மாட்டச் சொன்னால், எந்தப் பொந்திலிருந்து கரண்ட் எடுக்கிறோம் என்பதில்தான் தொழிலே இருக்கிறது. இப்போது ஒழுங்காக எடுப்பதற்கென்றே ஒரு சாமான் விற்கிறார்கள், அதற்குத் தனிப் பியூஸும் உண்டு. அன்றைக்கு எங்கள் முறை வேறு. இருக்கிற பியூஸைப் பிடுங்கு, செம்புக் கம்பியை அதன் காலில் இரண்டு சுற்றுச் சுற்று, திரும்பச் சொருகு, கறுப்பு டேப் ஒட்டு. வேலை முடிந்தது.

தாசன் அண்ணாச்சி கையில் ஒருநாளும் கரி பட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் கண்ணாடி. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் அவர் பதில் ஒரே சொல்: "மாட்டிரலாம்." காருக்குள் காற்றாடி வேண்டுமா, மாட்டிரலாம். பின்னால் வரும்போது பாட்டுப் பாட வேண்டுமா, மாட்டிரலாம். ஒருவர் காரின் முன்னால் மயில் தோகை மாதிரி விளக்கு கேட்டார். மயிலுக்கு எத்தனை இறகு என்றுதான் அண்ணாச்சி கேட்டார்.

மாட்டியது ரிப்பேராகித் திரும்பி வந்தால் அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடுவார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி செத்த நேரம் நிற்பார். கண்ணைத் திறந்து, "டிரைவர் கை சரியில்ல" என்பார். அது பொருந்தாவிட்டால் பெட்ரோல் சரியில்லை. அதுவும் பொருந்தாவிட்டால் எலி. இந்த வரிசை எங்கள் கடையின் சட்டம். கடையின் கை சரியில்லை என்பது அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர் ஜீப்பில் எட்டு விளக்கு மாட்டச் சொன்னார். யானை வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டுமாம். மாட்டினோம். பியூஸ் போனது. பெரிய பியூஸ் போட்டோம். அதுவும் போனது. "இனிமே போகாது பாரு" என்று அண்ணாச்சி சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளை மடித்துச் சொருகச் சொன்னார். சொன்னபடி அது போகவேயில்லை. வயர்தான் போனது. நடுத்தோப்பில் ஜீப் புகைய, எட்டு விளக்கும் ஒன்றாக அணைய, தோப்புக்காரர் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாள் அண்ணாச்சி கை வைத்து, கண் மூடி, "டிரைவர் சுவிச்சை வேகமாப் போட்டிருப்பான்" என்றார்.

"ஓட்டுனது நாந்தான்யா" என்றார் தோப்புக்காரர்.

"அப்பப் பெட்ரோல் சரியில்ல."

"இது டீசல் வண்டி அண்ணாச்சி!"

"அதத்தான நானும் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி, கொஞ்சமும் அசராமல். தோப்புக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். நான் அன்றைக்குச் சிரித்தேன். அந்தப் பட்டியல் என் நாக்கிலும் ஏறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பேண்டேஜ் துணி ஆலை வைத்திருந்த சீதாராமன் முதலாளி புதுக் கார் எடுத்தார். எடுத்த மறுநாளே கார் எங்கள் கடையில் நின்றது. காலுக்கடியில் நீல விளக்கு, நாலு குரல் ஹார்ன், முதுகு பிடித்துவிடும் மெத்தை எல்லாம் மாட்டிய பிறகு, ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினார். மந்திரம் ஓதும் பெட்டி. நம் வீட்டிலும் இருந்ததே, அதேதான்.

"சாவியை எடுத்தாலும் இது ஓதிக்கிட்டே இருக்கணும்யா. எங்க வீட்டுப் பூசை ரூம் விளக்கு இதுவரை அணைஞ்சதில்ல. வண்டியிலயும் அப்படியே இருக்கட்டும். பொறவு, இதோட சத்தம் கொசு மாதிரி கேக்குது. பெரிய ஸ்பீக்கர்ல வரணும்."

"மாட்டிரலாம்" என்றார் அண்ணாச்சி.

பெரிய ஸ்பீக்கரில் வர வேண்டுமென்றால் நடுவில் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அதை டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். பெட்டியையும் ஆம்ப்ளிஃபையரையும் எப்போதும் கரண்ட் இருக்கிற பொந்தில் கொடுத்தேன். செம்புக் கம்பி, இரண்டு சுற்று, கறுப்பு டேப். முதலாளி சாவியை எடுத்துப் பார்த்தார். மந்திரம் நிற்கவில்லை. கண் கலங்கிப்போய், "நல்லாயிருப்பய்யா" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் காரின் டிரைவர் பெயர் செல்லையா. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர். தினமும் காலையில் பஸ் ஏறி ராஜபாளையம் வருவார். முன்பு கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ் ஓட்டியவர். நான் சொல்கிற சமயத்தில் அவர் மகள் அதே காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தது. அதிகம் பேசமாட்டார். காரைத் துடைக்கிற துணியையும் துவைத்துக் காயப்போடுகிற ஆள்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. முதலாளி கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இன்னொரு பேட்டரியும் வயரும் எடுத்துக்கொண்டு போனேன். கொடுத்ததும் கார் எடுத்துக்கொண்டது.

"என்னய்யா கோளாறு?" என்றார் முதலாளி.

நான் பியூஸ் பெட்டியைத் திறக்கவில்லை. மீட்டர் வைக்கவில்லை. பேட்டரிக் கவ்வியைக் கழற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "டிரைவர் எதையாச்சும் போட்டபடி விட்டுட்டுப் போயிருப்பாரு மொதலாளி" என்றேன். சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்று சொல்வோமே, அப்படித்தான் சொன்னேன். அதில் எனக்கு எந்த யோசனையும் இல்லை, எந்தப் பகையும் இல்லை.

செல்லையா பக்கத்தில்தான் துணியோடு நின்றார். "சனிக்கெழம சாயங்காலமே எல்லாத்தையும் அணைச்சுட்டு, சாவிய அம்மா கையில குடுத்துட்டுத்தான போனேன்" என்றார். நான் கவ்வியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த திங்களும் அதே போன். அதற்கடுத்த திங்களும். மூன்றாவது தடவை முதலாளி என்னிடம் காரணமே கேட்கவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"நேத்து மத்தியானம் கொடை எடுக்கக் கதவைத் தொறந்தேன்யா. டிரைவர் சீட்டு சூடா இருக்கு! போர்டிகோ நெழல்ல நிக்கிற வண்டி. பின்னாடி சீட்டு ஜில்லுன்னு கெடக்கு, டிரைவர் சீட்டு மட்டும் சூடு. ஆள் படுத்திருந்த சூடு. ஞாயித்துக்கெழம வந்து ஏசியப் போட்டுத் தூங்கிட்டுப் போறான். கள்ளச் சாவி வச்சிருக்கான். நீ அன்னைக்கே சொன்னேல்ல!"

மாதம் முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி செல்லையாவிடம் சொல்லிவிட்டார். கள்ளச் சாவி வைத்து முதலாளி காரில் தூங்கினவன் என்று பெயர் வந்துவிட்டால், ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ யார் அவர் கையில் சாவி கொடுப்பார்கள்? அன்றைக்கு வாட்ஸப் இல்லை. ஆனாலும் மதியத்துக்குள் டிரைவர்கள் டீ குடிக்கும் இடம் முழுவதும் அது பரவிவிட்டது.

வியாழக்கிழமை செல்லையா கடைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். நான் எதைப் போட்டபடி விட்டேன்னு கொஞ்சம் சொல்லுங்க. லைட்டா, ரேடியோவா, என்னன்னு தெரிஞ்சா ஒத்துக்கிடுதேன். புது வண்டி, எனக்குத் தெரியாம எதுவும் இருக்கலாம். ஒத்துக்கிட்டு, மொதலாளி கால்ல விழுந்தாவது இருந்துக்கிடுவேன். தூங்குனேங்கதை மட்டும் எப்படிண்ணே ஒத்துக்கிட முடியும்? மக காலேஜ் பஸ் ஓட்டுற பயலுக எல்லாம் நம்ம கூட ஓட்டுனவங்க. அது காதுல விழாமலா இருக்கும்?"

எதைப் போட்டார்? எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்க்கவேயில்லையே. "ஞாயித்துக்கெழம வந்து பாக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் அதற்கே கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு என்னை ஞாயிற்றுக்கிழமைவரை தூங்க விடவில்லை.

ஞாயிறு காலை மீட்டரோடு முதலாளி வீட்டுக்குப் போனேன். பேட்டரியைத் தின்பது யார் என்று கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. பிரபு, இதைக் கவனமாகப் படி. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, கழற்றின இடத்துக்கு நடுவில் மீட்டரை வைக்க வேண்டும். கார் குடிக்கிற கரண்ட் அத்தனையும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். கதவு திறந்திருந்தால் கார் விழித்துக்கொள்ளும். பியூஸ் பெட்டியோ உள்ளே இருக்கிறது. அதனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதன் பூட்டுக் கொக்கியை ஸ்குரூடிரைவரால் தட்டி மூட வேண்டும். கதவு சாத்தியாயிற்று என்று கார் நம்பிவிடும். பிறகு அரை மணி நேரம் தொடாமல் காத்திருக்க வேண்டும். கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கும். நல்ல கார் தூங்கினால் மீட்டரில் எண் சைபருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு ஆம்பியரைத் தாண்டி இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. உள்ளே ஏதோ ஒன்று முழு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். முதலாவது, எண் அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, அசையவில்லை. நான்காவதைப் பிடுங்கினேன். எண் விழுந்தது. கையிலிருந்த பியூஸைத் திருப்பிப் பார்த்தேன். காலில் செம்புக் கம்பி, இரண்டு சுற்று. கறுப்பு டேப். டேப்பின் நுனியை மடித்து ஒட்டுகிற பழக்கம் அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான்.

திரும்பச் சொருகிவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. மந்திரப் பெட்டியைப் பார்த்தால் ஒலித் திருகு அடியோடு குறைத்திருக்கிறது. பெட்டி மட்டும் ஓதிக்கொண்டேதான் இருக்கிறது. டிரைவர் சீட்டில் கை வைத்தேன். வெதுவெதுப்பு. சீட்டுக்கு அடியில் கைவிட்டேன். ஆம்ப்ளிஃபையர் இட்லிக் கொப்பரை மாதிரிக் கொதித்தது.

முதலாளி வீட்டம்மா காபி கொண்டு வந்தார். "இந்தச் சத்தத்தை யார்ம்மா கொறைச்சது?" என்று கேட்டேன்.

"நாந்தான் செல்லையாவைக் கொறைக்கச் சொன்னேன். ஞாயித்துக்கெழமையாவது மனுசி செத்த நேரம் கண்ணசர வேணாமா? அணைச்சுப்புடாத, ஐயா வைவாகன்னும் சொன்னேன். அப்படியே செஞ்சான் பாவம்."

எல்லோரும் சொன்னபடிதான் செய்திருக்கிறோம். முதலாளி அணையக்கூடாது என்றார், நான் அணையாமல் மாட்டினேன். அம்மா கேட்கக்கூடாது என்றார், செல்லையா கேட்காமல் குறைத்தார். மற்ற நாளில் கார் ஓடி, குறைந்ததை நிரப்பிக்கொண்டது. முதல் இரண்டு ஞாயிறைப் புதுப் பேட்டரி தாங்கிவிட்டது. சனி மாலையிலிருந்து திங்கள் காலைவரை கேட்க ஆளில்லாத காருக்குள் மந்திரம் ஓதி ஓதிப் பேட்டரி செத்தது. ஓதினவருக்கு ஒன்றுமில்லை, துடைத்தவருக்கு வேலை போயிற்று.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலே, கிறுக்கனா நீ? நம்ம வயருன்னு சொன்னா நாளைக்கு ஊர்ல ஓடாத வண்டியெல்லாம் நம்ம வாசல்ல நிக்கும்லே. கம்பியப் பிடுங்கி வேற பொந்துல மாத்திரு. எலின்னு சொல்லிட்டு வா. எலிக்கு என்ன, மானமா போயிரப்போகுது? டிரைவரும் பொழைச்சுக்கிடுவான்."

உண்மையைச் சொல்கிறேன் பிள்ளைகளே, எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. எலிக்குக் காலேஜில் படிக்கிற மகள் இல்லை. எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாம். முதலாளி பூசை முடிந்து வெளியே வந்தார். "எலி மொதலாளி" என்றேன்.

"எலியா?" என்றார். திருநீறு உலராத நெற்றியைச் சுருக்கினார். "எலி படுத்தா சீட்டு சூடாகுமாய்யா?"

பட்டியலில் எலிக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. அவர் கையைப் பிடித்தேன். அதற்கு முன்னும் பின்னும் ஒரு முதலாளி கையை நான் பிடித்ததில்லை. அந்தக் கையைச் சீட்டின் மேல் வைத்தேன்.

"சூடா இருக்கா மொதலாளி? செல்லையா இப்ப மடவார் வளாகத்துல அவுக வீட்ல இருக்காக. சீட்டுக்கடியில இருக்கது நான் வச்ச மெசினு. நான் போட்ட வயரு. டிரைவருன்னு நான் அன்னைக்குச் சொன்னது, பாக்காமச் சொன்னது."

முதலாளி கையை எடுக்காமலே குனிந்து சீட்டுக்கடியில் எட்டிப் பார்த்தார். செல்லையாவைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப மந்திரத்தை நிப்பாட்டணுங்கியா? நிப்பாட்டுனா தோசமாகாதா?" என்றார்.

அம்மா காபி டம்ளரை வாங்கிக்கொண்டே, "ஏமண்டி" என்று தெலுங்கில் கூப்பிட்டுவிட்டு எனக்கும் விளங்கட்டும் என்று தமிழில் சொன்னார்: "கேக்க ஆளில்லாம ஓதுறதுல என்ன வந்துச்சு? மந்திரம் சாவி போட்டா ஓதட்டும். தோசத்தைப் பொறவு பாப்போம். மொதல்ல அந்த மனுசனை வேலைக்கு வரச் சொல்லுங்க."

செம்புக் கம்பியை அறுத்து எறிந்தேன். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற பொந்துக்கு, தனிப் பியூஸ் வைத்து மாற்றினேன். திங்கட்கிழமை கார் ஒரே திருகில் எடுத்துக்கொண்டது. மன்னிப்பு ஏதும் கேட்பாரோ என்று நானும் அங்கேதான் நின்றேன். முதலாளி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "செல்லையா, போனது போகட்டும். இனிமேலாவது பாத்து நடந்துக்க" என்றார். மன்னித்துவிட்டார்! செல்லையா, "சரிங்க மொதலாளி" என்று கதவைச் சாத்தினார்.

வண்டியைத் திருப்பும்போது என் பக்கத்தில் மெதுவாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணே, அடுத்த தடவ வண்டி எடுக்கலைன்னா என்ன சொல்லுவீக?"

அவர் கேலியாகத்தான் கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. அன்றையிலிருந்து எந்தக் காரில் எதை மாட்டினாலும் பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினேன். என்ன மாட்டினேன், எந்தப் பொந்து, மாட்டினது யார் என்று பென்சிலால் எழுதி, மேலே டேப். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "கோளாறு வந்தா உன்னையத்தாம்லே நேரா வந்து பிடிப்பான்" என்றார். அதற்குத்தான் அண்ணாச்சி என்றேன். அவர் கடைசிவரை பட்டியலை மாற்றவில்லை. டிரைவருக்கு முன்னால் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொண்டார். வண்டி திரும்பி வந்தால் பானெட்டில் கை வைத்து, கண்ணை மூடி, என் பக்கம் தலையைச் சாய்த்து, "மொதல்ல இவன் என்ன எழுதியிருக்கான்னு பாருங்க" என்பார்.

பிரபு, நேற்று நீ வேலைக்குப் போன பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். மருமகள் சாவி கொடுத்தது. மீட்டர் வைத்து, கொக்கியைத் தட்டி, அரை மணி நேரம் உட்கார்ந்தேன். எண் இறங்கவில்லை. எட்டாவது பியூஸைப் பிடுங்கினேன், இறங்கியது. போன மாதம் நீ வீடியோ பார்த்து நீயே மாட்டினாயே அந்தக் கேமரா. சாமான் நல்ல சாமான், சொருகினதும் ஒழுங்காகத்தான் சொருகியிருக்கிறாய். பொந்துதான் எப்போதும் கரண்ட் இருக்கிற பொந்து. எதற்கு அந்தக் கேமரா என்று மருமகளிடம் கேட்டேன். "ஆக்டிங் டிரைவர் என்ன பண்ணுறாருன்னு பாக்க மாமா" என்றது.

ஞாயிறு மாலையிலிருந்து புதன்வரை அது உன் வீட்டுச் சுவரையே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அந்தப் படத்தை ஓட்டிப் பார்த்தேன். மூன்று நாளில் ஒரு பூனை வந்து போயிருக்கிறது. கணேசன் வரவில்லை.

வயரைச் சாவிப் பொந்துக்கு மாற்றிவிட்டேன். கணேசனிடம் போனில் பேசினேன். உன் தெருவில் இந்த வாரம் அவருக்கு வந்திருந்த இரண்டு ஓட்டமும் நின்றுவிட்டதாம். "பிரபு அண்ணன்கிட்ட நான் எதை ஆன் பண்ணி விட்டேன்னு கேட்டுச் சொல்லுங்கய்யா" என்றார். அதே கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலை உன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பதில் நீ சொல். அந்தப் பதினோரு பேருக்கும் சேர்த்து, எந்தக் குரூப்பில் எழுதினாயோ அதே குரூப்பில் சொல்.

பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கம் துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். "கேமரா. முதலில் எட்டாவது பொந்து, இப்போது சாவிப் பொந்து. மாட்டினது" என்பதுவரை என் கையெழுத்து. பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். பென்சில் டிரைவர் சீட்டில் கிடக்கிறது.